சிவப்பு போய்விடும், கறுப்பு தங்கிவிடும்

என் சித்தி மகளுக்குக் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு பார்லரில் முகத்துக்குப் பீல் (அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் சிகிச்சை) போட்டார்கள். முகம் பளிச்சென்று ஆகும், மேக்கப் நன்றாக நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிஷம் வைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "அக்கா, மூஞ்செல்லாம் காந்துது. தண்ணி பட்டாக்கூட எரியுது."

நான் போய்ச் சேர்வதற்குள் வீடே வைத்தியம் பார்த்து முடித்திருந்தது. அத்தை தயிர் பூசியிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து எலுமிச்சையும் தேனும் வந்திருந்தன. ஐஸ்கட்டியைக் கன்னத்தில் நேரடியாக வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். கடைசியில் மாமா தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "முகம் எரியுது, ஏதாவது குடுங்க" என்று கேட்டு ஒரு ட்யூப் வாங்கிவந்தார். அதைப் போட்டதும் மறுநாள் காலையில் சிவப்பு பாதி அடங்கிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. அந்த ட்யூபையே மூன்று வாரம் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் போட்டோக்களில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்துத் தாடையோரத்திலும் மேலுதட்டிலும் காபிப்பொடி நிறத்தில் திட்டுகள் வந்தன. அவை மங்க எட்டு மாதம் ஆயிற்று.

அந்த எட்டு மாதத்தில் அவளோடு தோல் மருத்துவரிடம் போய்வந்ததிலும், அப்புறம் தேடிப் படித்ததிலும் ஒன்று தெளிவானது. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்குச் சிவப்பு பெரிய பிரச்சினை இல்லை. அது வந்த வழியே போய்விடும். எரிச்சல் எத்தனை நாள் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறதோ, அதற்கேற்ப அது விட்டுப்போகும் கறுப்புதான் பிரச்சினை. அதனால் முகத்தை ஆற்றுவதை வெறும் இதம் தேடுகிற காரியமாக நினைக்கக் கூடாது. அந்தச் சில நாட்களில் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்துத்தான் அடுத்த எட்டு மாதம் அமைகிறது.

முதலில், எரிவது எது?

தோலின் மேல்படலம் செத்த செல்களால் ஆனது. பதினைந்து, இருபது அடுக்கு. எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தடிமன். செய்தித்தாளின் ஒரு தாள் இதைவிடக் கனம். அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புகள் பூச்சுச் சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்ற மூன்றும் கலந்ததுதான் அந்தச் சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஓடாமலும், வெளியே இருப்பது உள்ளே நுழையாமலும் காப்பது இந்தச் சுவர்.

அழகு சிகிச்சை என்று நாம் செய்துகொள்வதில் பெரும்பாலானவை இந்தச் சுவரில்தான் கை வைக்கின்றன. பீல் போட்டால் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் பிடிப்பு தளர்ந்து மேல் செங்கற்கள் உதிர்கின்றன. வாக்ஸிங்கில் மெழுகோடு மேலடுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. த்ரெட்டிங்கில் நூல் உரசிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். ப்ளீச்சில் ஹைட்ரஜன் பெராக்சைடு முடியை வெளுக்கும்போது தோலையும் சுடுகிறது. லேசர் கொஞ்சம் வேறு மாதிரி. முடியின் கருமையைத் தேடிப் போய் வேரில் சூட்டை இறக்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் கொசு கடித்த மாதிரி சின்னச் சின்னத் தடிப்பு எழும்புகிறது. அந்தத் தடிப்பு சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

சுவர் உடைந்ததும் அடியில் இருக்கும் நரம்பு முனைகளுக்குக் காவல் போய்விடுகிறது. அந்த முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் வாயில்கதவு மாதிரி இருக்கிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு மிளகாயின் காரத்தை வைத்து இதைக் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு. மிளகாய் பட்டால் திறக்கிற இதே வாயில் சூட்டுக்கும் திறக்கும், அமிலத்துக்கும் திறக்கும். வீங்கிச் சிவந்த தோலில் இது இன்னும் சுலபமாகத் திறந்துகொள்ளும். உடம்புச் சூடே போதும் என்கிற நிலைக்கு வந்துவிடும். நம் வீடுகளில் மிளகாய் அரைத்த கைக்கும் பீல் போட்ட முகத்துக்கும் "காந்துது" என்று ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். உடம்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றேதான். நேற்றுவரை ஒன்றும் செய்யாத மாய்ஸ்சரைசர் இன்று எரிவதற்கும் இதுவே காரணம். க்ரீம் கெட்டுப்போகவில்லை, அதைத் தடுத்துக்கொண்டிருந்த சுவர் இல்லை, அவ்வளவுதான்.

சுவர் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். இதுதான் எனக்கு வியப்பாக இருந்த பகுதி. மேல்தோல் மட்டும் லேசாக உரிந்திருந்தால், இளம் வயதுக்காரருக்குச் சில மணி நேரத்திலேயே பாதிச் சுவர் எழும்பிவிடுகிறது; மூன்று நாளில் ஏறக்குறைய முழுதும். வயதானவர்களுக்கு இன்னும் சில நாள் பிடிக்கும். இந்த வேலையைத் தொடங்கச் சொல்லும் மணி எது தெரியுமா? வெளியேறும் ஈரம்தான். ஈரம் கசிகிறது என்று தெரிந்ததும் கீழ் அடுக்குச் செல்கள் கொழுப்பைத் தயாரித்து மேலே அனுப்புகின்றன. காற்றே புகாத உறையால் தோலை முழுக்க மூடி ஈரக் கசிவை நிறுத்தினால் இந்தப் பழுதுபார்ப்பும் நின்றுவிடும் என்று எலியாஸின் குழு 1980களிலேயே காட்டிவிட்டது. எரிகிற முகத்தில் பிளாஸ்டிக் சுற்றிக்கொள்வதும், ஷீட் மாஸ்க்கை மணிக்கணக்கில் ஒட்டிவைப்பதும் உதவாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் வாசலின்? அதுவும் மூடத்தானே செய்கிறது? இந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்திருக்கிறது. 1992-ல் அதே குழு பார்த்தபோது, வாசலின் எனப்படும் பெட்ரோலேட்டம் தோலின் மேலே படலமாக மட்டும் நிற்கவில்லை. செங்கற்களின் இடுக்குகளுக்குள் இறங்கித் தற்காலிகச் சாந்து மாதிரி வேலை செய்தது, பழுதுபார்ப்பும் நிற்காமல் நடந்தது. அதில் வாசனை இல்லை, நிறம் இல்லை, ஒவ்வாமை தரும் பொருள் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. உடைந்த தோலுக்கு இத்தனை மலிவாக இத்தனை நல்ல பொருள் கிடைப்பது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் எல்லா முகத்துக்கும் எல்லா நேரமும் அது பொருந்தாது. லேசர் முடித்த சூட்டோடு சூடாகப் பூசக் கூடாது, முதலில் குளிரவேண்டும். த்ரெட்டிங், வாக்ஸிங் செய்த இடத்தில் திறந்திருக்கும் மயிர்க்கால்களைக் கெட்டியாக அடைத்தால் சின்னச் சின்னச் சீழ்ப்பருக்கள் கிளம்பலாம். பரு வரும் முகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கெல்லாம் வாசனையில்லாத லேசான லோஷன் போதும். உரிந்த இடம், வெடித்த இடம், மூக்கோரம், உதட்டோரம் இவற்றுக்கு மட்டும் வாசலினை மெல்லிசாகத் தடவலாம்.

ஈரமாக வைத்தால் புண் அழுகும், காய விட்டால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் பலமான நம்பிக்கை உண்டு. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சின்னப் புண்களை உண்டாக்கி, பாதியைத் திறந்து விட்டார், மீதியைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடிய புண்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காய்ந்து பொருக்குத் தட்டிய புண்ணில் புதுச் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் வழிதேடி ஊர்ந்து போகவேண்டியிருக்கிறது. அடுத்த வருஷமே மனிதர்களிலும் இதைப் பார்த்துவிட்டார்கள். இங்கே பேச்சு உயிருள்ள தோல் வரை வெட்டுப்பட்ட திறந்த புண்ணைப் பற்றியது, மேல்படலம் மட்டும் உரிந்த முகம் வேறு விஷயம். ஆனாலும் இரண்டிலும் காயவைப்பது தாமதம்தான். காலமைன் லோஷனை எரியும் முகத்தில் அப்பிக் காயவிடுவது எனக்குச் சரியாகப் படாததும் இதனால்தான். அரிப்புக்கு அது நல்ல மருந்து. உரிகிற தோலுக்கு அது காய்ச்சல் மேல் வெயில் மாதிரி.

இப்போது கறுப்புக்கு வருகிறேன்.

மேல்தோலின் அடித்தட்டில் நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லா மனிதருக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. நம்மிடம் அவை அதிகமாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். பக்கத்தில் எரிச்சல் என்றால் அங்கிருந்து கசியும் புராஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் இவற்றைத் தட்டி எழுப்புகின்றன. அவை மெலனின் என்ற கருநிறமியைத் தயாரித்து மேல் செல்களுக்கு அனுப்பத் தொடங்குகின்றன. வெள்ளைத் தோலில் ஒரு வாரம் ரோஜா நிறமாக இருந்து மறைந்துவிடும் எரிச்சல் நம் தோலில் பழுப்பாகப் படிவது இப்படித்தான். மெலனின் மேல்தோலிலேயே நின்றுவிட்டால் நல்லது. மேல்தோல் தானாக உதிர்ந்து புதிதாக ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும், கூடவே கறுப்பும் மெல்ல ஏறி உதிரும், சில மாதம். எரிச்சல் கடுமையாகி அடித்தட்டே சேதமானால் மெலனின் கீழே விழுந்துவிடும். அங்கே அதை விழுங்கும் செல்கள் விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடும். அந்தத் திட்டு பழுப்பாக இருக்காது, சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். அது போக வருஷங்கள் ஆகலாம், சில சமயம் முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

1975-ல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் தோல்களை வெயிலுக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வகை பிரித்தார். முதலில் அதில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இடம் இருந்தது. கறுத்த தோல்களுக்கான ஐந்தும் ஆறும் பின்னால் சேர்ந்தவை. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. அழகு சிகிச்சைகளில் பலவும் ஒன்று, இரண்டு, மூன்று வகைத் தோல்களில் பழகி வளர்ந்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நல்ல மருத்துவர் நம் தோலுக்குப் பீலின் வீரியத்தைக் குறைப்பார், இடைவெளியைக் கூட்டுவார், லேசரில் 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் போன்றதைத் தேர்ந்தெடுப்பார். அது மேல்தோலின் மெலனினை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்கு இறங்கும்.

சரி, எரிகிறது. என்ன செய்வது?

முதல் மணி நேரத்தில் குளிர்ச்சி. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அல்லது ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரில் பழைய மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பத்து நிமிஷம் முகத்தில் போட்டு எடுங்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். வேட்டித்துணி இதற்கு அருமையானது. துணியைத் தேய்க்காமல் ஒற்ற வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றாமல் வைக்கக் கூடாது. குளிர்ச்சியில் மரத்துப்போன தோலுக்குத் தான் உறைந்து சேதமாவதே தெரியாது. ஐஸால் சுட்ட தழும்பு முகத்தில் வருவது இப்படித்தான். பீலைக் கழுவாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தால் நிறையத் தண்ணீரால் பல நிமிஷம் கழுவிவிடுங்கள். கிளைகாலிக் அமிலம் தானாக நிற்காது. கழுவும் வரை அல்லது நடுநிலையாக்கும் வரை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, சோப்பைத் தள்ளிவையுங்கள். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் என்ற அளவில் ஐந்தை ஒட்டி (ஏழுக்குக் கீழே அமிலத்தன்மை, மேலே காரத்தன்மை). சாந்தைத் தயாரிக்கும் நொதிகளுக்கு அந்த அமிலத்தன்மை தேவை. குளியல் சோப்பின் பிஎச் ஒன்பது, பத்து. ஒருமுறை சோப்புப் போட்டால் பழுதுபார்க்கும் ஆட்களை வேலையை நிறுத்தச் சொன்ன மாதிரி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள உப்புகளோடு சேர்ந்து சோப்பு தோலில் பிசுக்காகப் படிந்து நிற்கும். சென்னையில் பல வீடுகளில் அந்தத் தண்ணீர்தானே. இரண்டு மூன்று நாளைக்குக் குடிக்கிற தண்ணீரில் முகம் கழுவுவது வீண்செலவு இல்லை.

மூன்றாவது, ஒரே ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர். வாசனை சேர்க்காதது, வைட்டமின் சி இல்லாதது, ரெட்டினால் இல்லாதது, எந்த அமிலமும் இல்லாதது. செராமைடு இருந்தால் நல்லது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாந்தின் மூன்று கொழுப்புகளில் ஒன்றை மட்டும் பூசினால் சுவர் எழும்புவது தாமதமாகிறது, மூன்றும் சேர்ந்தால்தான் உதவுகிறது என்று 1990களில் கண்டுபிடித்தார்கள். அதனால் செராமைடு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைவிட, கூடவே கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் இருக்கிறதா என்று சின்ன எழுத்தில் பாருங்கள். பான்தெனால், ஓட்ஸ் சேர்த்தவையும் நல்லவை.

கொரியாக்காரர்களின் "சிகா" க்ரீம்கள் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கின்றன, விலையும் கொஞ்சம் கூடத்தான். சிகா என்று அவர்கள் கொண்டாடும் செடி வேறொன்றும் இல்லை, நம் வல்லாரை. அதிலிருந்து பிரித்தெடுத்த மேடகாசோசைடு போன்ற பொருட்கள் தோல் ஆறுவதற்கு உதவுகின்றன. இதைக் கேட்டதும் என் அம்மா, "அப்ப கீரைக்காரம்மாகிட்ட ஒரு கட்டு வாங்கி அரைச்சுப் போட்டா என்ன?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பச்சை இலையில் அந்தப் பொருள் மட்டும் இல்லை; மண், பூஞ்சை, வேறு நூறு வேதிப்பொருட்கள் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. சுவர் இல்லாத தோலில் அவை நேராக உள்ளே போகும். வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள்.

சோற்றுக்கற்றாழைக்கும் இதுவேதான். உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சோறு குளிர்ச்சி, நல்லதுதான். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து வடியும் மஞ்சள் பாலில்தான் அலோயின் இருக்கிறது. அது தோலை உறுத்தும். வெட்டிச் சாய்த்து வைத்து, பாலை வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவுகிறவர்கள் குறைவு. தேங்காய் எண்ணெய் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு, வறண்ட தோலுக்கு அது நன்றாகவே உதவும். பருவுள்ள முகத்தில் மட்டும் வேண்டாம். தயிர் லாக்டிக் அமிலம். பீலில் போடுகிற அதே இனம். மஞ்சள் உரிந்த தோலில் கறையாகப் படியும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது எலுமிச்சைக்குத்தான். பிஎச் இரண்டை ஒட்டிய அமிலம் அது. அதுபோக, நம் ஊர் எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். பிறகு மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். சாறு வழிந்த கோடு அப்படியே முகத்தில் கறுப்புக் கோடாகத் தெரிகிறவர்களும் உண்டு. கறுப்பைப் போக்குவதற்கென்று காலங்காலமாக நாம் தேய்க்கும் பொருளே கறுப்பைக் கொண்டுவருகிறது என்பது எனக்கு மனவேதனையாக இருக்கிறது.

இனி அந்த ட்யூப்.

மாமா வாங்கிவந்ததில் மொமெட்டசோன் இருந்தது. ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூவோசினலோன் என்றெல்லாம் இதற்குப் பல பெயர்கள். இவற்றில் எது ட்யூபில் இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். இவை ரத்தக்குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும்; அதனால் ஒரே ராத்திரியில் சிவப்பு மறையும். இவ்வளவு வேகமாக வேலை செய்கிற வேறு க்ரீம் கிடையாது. அதனால்தான் இது ஆபத்து.

1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டை உடம்பின் பல இடங்களில் பூசி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதைப்போல நெற்றியில் 6 மடங்கு. தாடைக் கோணத்தில் 13 மடங்கு. அது முழுச் சுவர் உள்ள நல்ல தோலில் அளந்த கணக்கு. சுவர் உடைந்த முகத்தில் எவ்வளவு போகும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றே நாள் வீரியமான ஸ்டீராய்டு பூசினாலும் சாந்துக்கான கொழுப்பு உற்பத்தி குறைந்து சுவர் எழும்புவது தாமதமாகிறது என்பதையும் எலியாஸின் குழு 2003-ல் காட்டியது. எரிச்சல் அடங்கிய மாதிரி தெரியும், அடியில் வீடு கட்டப்பட்டிருக்காது. நிறுத்தியதும் சிவப்பு முன்பைவிடப் பலமாகத் திரும்பும். திரும்பியதும் மறுபடி அதே ட்யூபைத் தேடுவோம். வாரங்கள் மாதங்களானால் தோல் மெலியும், சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரியும், பருவும் முகமுடியும் வரும்.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கும் விஷயம் இல்லை. 2011-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், 12 தோல் மருத்துவ மையங்களுக்கு முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைக் கேட்டபோது 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒருவர். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு வைத்துப் போராடியது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் தோல் பூச்சுகளை ஷெட்யூல் ஹெச்-இல் சேர்த்தது. அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மாமாவிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவர்களும் சில சமயம் லேசருக்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஸ்டீராய்டு எழுதித் தருகிறார்கள். எரிச்சலைச் சீக்கிரம் அடக்கினால் கறுப்பும் குறையும் என்பதற்கு அடிப்படை உண்டு. எது, எவ்வளவு, என்றைக்கு நிறுத்துவது என்று தெரிந்த ஒருவர் சீட்டில் எழுதித் தருவது மருந்து. "முகம் எரியுது" என்று கேட்டு வாங்கி, தீரும்வரை போடுவது மருந்தாகாது. தங்கைக்கு வந்த கறுப்புக்கு அந்த ட்யூப் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பீல், எலுமிச்சை, அதற்கப்புறம் கடற்கரை வெயிலில் மூன்று மணி நேரம் எடுத்த போட்டோஷூட், எல்லாம் சேர்ந்துதான்.

வெயிலைப் பற்றி இரண்டு விஷயம். புற ஊதாக்கதிர் மட்டும்தான் கறுக்கவைக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2010-ல் வெளியான ஒரு ஆய்வில், கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே நம்மைப் போன்ற தோல்களில் பல நாள் நிற்கும் கறுப்பை உண்டாக்கியது. வெள்ளைத் தோலில் உண்டாக்கவில்லை. பெரும்பாலான சன்ஸ்க்ரீன்கள் இந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்ட்டட் சன்ஸ்க்ரீன்கள் தடுக்கின்றன. காலமைனுக்கு அந்த ரோஸ் நிறம் தருவதும் இதே இரும்பு ஆக்சைடுதான். அடுத்தது, முதல் இரண்டு மூன்று நாள் எந்த சன்ஸ்க்ரீனும் எரியலாம். அப்போது குடை, துப்பட்டா, நிழல்தான் வழி. எரிவது நின்றதும் ஜிங்க் ஆக்சைடு உள்ள டின்ட்டட் வகையில் தொடங்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குள்ளும் போடவேண்டும்; கண்ணாடி ஒருவகைக் கதிரைத்தான் நிறுத்துகிறது, கறுக்கவைக்கும் யுவிஏ என்ற புற ஊதாக்கதிர் உள்ளே வந்துவிடும்.

வியர்வையும் அடுப்புச் சூடும் அந்த நாட்களில் சேராது. உரியும் தோலைப் பிய்க்கவே கூடாது. மேலே தொங்குவது செத்த தோல் என்று தோன்றும், இழுத்தால் உயிருள்ளதும் சேர்ந்து வரும். அப்புறம், தூக்கமும் மன அமைதியும். 2001-ல் மாணவர்களின் மேல்தோலை டேப் ஒட்டி உரித்து, அது எவ்வளவு வேகமாக மீள்கிறது என்று விடுமுறையிலும் பரீட்சை நேரத்திலும் அளந்து பார்த்தார்கள். பரீட்சை நேரத்தில் மெதுவாகத்தான் மீண்டது. கல்யாண வாரத்துப் பெண்ணின் முகம் ஏன் அத்தனை சிரமப்படுகிறது என்று அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான்கு நாள் தூங்காமல், ஊரெல்லாம் விருந்தாளிகளோடு, அந்தப் பதற்றத்தின் நடுவே தோலையும் உடைத்துவிட்டுச் சீக்கிரம் கட்டு என்கிறோம். பீல் மாதிரியான எதையும் விசேஷத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். அதற்கும் நேரம் இல்லை என்றால் செய்யாமலே இருப்பது மேல். த்ரெட்டிங்கும் ப்ளீச்சும் ஒரே நாளில் வேண்டாம். நூல் கீறிய தோலில் பெராக்சைடு நேராக இறங்கும்.

மருத்துவரிடம் உடனே போகவேண்டிய நேரங்களும் உண்டு. எரிச்சல் நாளுக்கு நாள் குறையாமல் கூடினால்; நீர்க்கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தால்; ஓரிடம் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ கறுத்தோ போனால். குத்துகிற வலியோடு சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். உதட்டோரத்தில் அடிக்கடி அப்படி வருகிறவர்கள் பீலுக்கும் லேசருக்கும் முன்னாலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் முன்கூட்டியே மாத்திரை தருவார். உதடும் கண்ணிமையும் உப்பி, மூச்சு வாங்கினால் க்ரீம் தேடாமல் நேராக அவசரப் பிரிவுக்கு.

எப்போது பழையபடி க்ரீம்களைத் தொடங்குவது என்பதற்குத் தங்கையின் மருத்துவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லவில்லை. காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவுங்கள், எரியக் கூடாது. துடைத்துவிட்டு ஒன்றும் பூசாமல் கால் மணி நேரம் இருங்கள். தோல் இழுத்துப் பிடிக்கக் கூடாது. பிறகு வழக்கமான மாய்ஸ்சரைசர்; அதுவும் எரியக் கூடாது. இந்த மூன்றும் தொடர்ந்து ஒரு வாரம் சரியாக இருந்தால், ரெட்டினாலோ வைட்டமின் சி-யோ ஏதாவது ஒன்றை மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், தாடைக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் தொடங்குங்கள். தங்கைக்கு அந்த மூன்றும் சேர்ந்து வர ஐந்து வாரம் ஆயிற்று.